வன்னிப் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: வீட்டு நாள் கேட்பது எப்படி?

2022 ஜூலையில், பெற்றோல் தட்டுப்பாட்டு நாட்களில், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்தான். வவுனியாவில் ஒரு நாள் பெற்றோல் வரிசையில் நின்றபடியே, ஒரு பாடத்தின் புள்ளிப் பட்டியலில் இருந்த பிழையைத் திருத்தச் சொல்லி மூன்று பேருக்குப் போனில் மின்னஞ்சல் அனுப்பினேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "சேர், கந்தோரையும் லைனுக்குக் கொண்டு வந்திட்டியள் போல" என்றார். (இன்று அந்த மின்னஞ்சலை அப்படி அனுப்பமாட்டேன். ஏன் என்று கீழே வரும்.)

அதற்கு முந்திய மாதம், ஜூன் 20 இலிருந்து இரண்டு கிழமைக்கு, அத்தியாவசியமில்லாத அரச ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யும்படி அரசாங்கம் சொல்லியிருந்தது. அதற்கும் முன்னால் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பல்கலைக்கழகங்களைப் பூட்டினார்கள். இரண்டு தடவையும் வீட்டிலிருந்து செய்யும் வேலை யாரும் கேட்காமலே வந்தது. பெற்றோல் வந்ததும் எல்லோரும் விரல் அடையாள இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் நின்றோம்.

ஆனால் ருசி கண்டுவிட்டோம். இப்போது சேரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே என்னிடம் கேட்கும் கேள்வி: "சேர், கிழமையில ஒரு நாள் வீட்டில இருந்து செய்யலாமோ?" செய்யலாம். எல்லா வேலைக்கும் இல்லை, எல்லா மாதமும் இல்லை, கேட்கும் விதத்திலும் இருக்கிறது. நிர்வாகப் பக்கத்தில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளை எங்கள் பக்கம் சுருக்கமாக 'வீட்டு நாள்' என்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வன்னியில் பல்கலைக்கழக வேலை என்றால் பெரும்பாலும் இரண்டு இடம். ஒன்று வவுனியா – மன்னார் வீதியில் உள்ள பம்பைமடு. 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகத் தொடங்கி, 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. மற்றது கிளிநொச்சி அறிவியல் நகர். அங்கே இருப்பவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். அறிவியல் நகரில் இருப்பவருக்குத் திருநெல்வேலியில் ஒரு பிரதான வளாகம் இருக்கிறது, பம்பைமடுக்காரருக்கு அப்படி இல்லை. வீட்டு நாள் கேட்கும்போது இது பெரிய விஷயம்.

முதல் படி: நியமனக் கடிதத்தை வெளியே எடுங்கள்

நியமனக் கடிதத்தை அம்மாவிடம் காட்டிவிட்டு அலுமாரிக்குள் வைத்தவர்கள்தான் கூட. எடுத்து ஆறுதலாக வாசியுங்கள். பார்க்கவேண்டியது மூன்று விஷயம்: நீங்கள் கல்விசார் ஊழியரா, நிர்வாக உத்தியோகத்தரா, கல்விசாரா ஊழியரா, தகுதிகாண் காலம் எவ்வளவு, யாருக்குக் கீழே வேலை. விரிவுரையாளர் என்றால் விரிவுரை, ஆய்வு, மாணவர் ஆலோசனை என்று வேலை பரந்து கிடக்கும், நேரத்தை ஓரளவு நீங்களே ஒழுங்கு செய்யலாம். முகாமைத்துவ உதவியாளர் என்றால் கந்தோர் நேரம்தான் உங்கள் வேலையின் எல்லை. எட்டரைக்கு வந்து நாலேகாலுக்குப் போகவேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே ஆலோசனை சரிவராது.

சட்டப் புத்தகத்தில் வீட்டு நாள் உரிமையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எங்களுக்கு மேலே 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் இருக்கிறது. பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றுநிருபங்கள், தாபனக் கோவை என்ற சேவை விதித் தொகுப்பு, அதற்குக் கீழே உங்கள் பல்கலைக்கழகத்தை நடத்தும் பேரவையின் தீர்மானங்கள். லண்டனில் இருக்கும் மச்சான் "எங்களுக்கு முதல் நாளிலேயே கேட்கலாம்" என்று சொல்லியிருப்பார். அது உண்மைதான். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த அன்றே நெகிழ்வு நேரம் கேட்கலாம். 12 மாதத்தில் இரண்டு தடவை கேட்கலாம், முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லவேண்டும். ஆனால் அங்கேயும் அது கேட்கும் உரிமை மட்டுமே, கேட்டால் கிடைத்தே தீரும் என்றில்லை. இங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது துறைத் தலைவர், பீடாதிபதி, பதிவாளர் ஆகியோர் சம்மதித்துச் செய்யும் ஓர் உள் ஒழுங்கு. தந்தவர் மாறினால் ஒழுங்கும் மாறலாம். அதனால்தான் எழுத்தில் வாங்கவேண்டும் என்கிறேன்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்தக் கட்டுரையைத் தொடரும் முன், ஊழியர் விடயங்களைப் பார்க்கும் தாபனப் பிரிவுக்குப் போய்த் தங்களுக்கு ஏற்கெனவே உள்ள நேரச் சலுகைகளைக் கேட்டு அறியுங்கள். விதியில் உள்ளதைத் தயவாகக் கேட்கத் தேவையில்லை.

இரண்டாம் படி: பத்து வேலை நாள், ஒரு கொப்பி

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். தாண்டினால் மற்றதெல்லாம் சறுக்கும்.

"வீடு தூரம் சேர்" என்று கேட்டால் வரும் பதில் எனக்குத் தெரியும்: "தூரம் எண்டு தெரிஞ்சுதானே தம்பி வந்தனீங்கள்?" தூரம் உங்கள் பிரச்சினை, மேலதிகாரிக்கு வேலைதான் பிரச்சினை. ஆகவே கேட்கப் போகும் முன் வேலையை எண்ணுங்கள். ஒரு கொப்பி வாங்கிப் பத்து வேலை நாளுக்கு, செய்த ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். பக்கத்தில் மூன்றில் ஒரு சொல் போடுங்கள். 'ஆள்' என்றால் நீங்கள் அங்கே நின்றே ஆகவேண்டும். 'நேரம்' என்றால் எங்கே இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் போனுக்கும் திரைக்கும் முன்னால் இருக்கவேண்டும். 'எங்கும்' என்றால் இரவு பத்து மணிக்குச் செய்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

துறை அலுவலகம் ஒன்றில் சேர்ந்த ஒரு பிள்ளை எழுதிய பக்கம் இப்படி இருந்தது:

8.35 – இரண்டாம் வருட மாணவி, மருத்துவச் சான்றிதழ் தந்தார். ஆள்.
9.10 – துறைக் கூட்ட அறிக்கை தட்டச்சு. எங்கும்.
10.00 – ஆய்வுகூடப் பொருள் கொள்வனவு, மூன்று விலைமனு ஒப்பிடல். கோப்புக்கு ஆள், அட்டவணைக்கு எங்கும்.
11.20 – நிதியாளர் கிளையோடு போனில், வவுச்சர் ஏன் திரும்பி வந்தது என்று. நேரம்.
1.30 – வருகை விரிவுரையாளரின் கொடுப்பனவுப் படிவம், கையொப்பம். ஆள்.
2.15 – மூடில் (இணையவழிக் கற்றல் தளம்) பக்கத்தில் புதிய பாடம், மாணவர் பட்டியல் ஏற்றல். எங்கும்.
3.30 – தேத்தண்ணி.

தேத்தண்ணியையும் எழுதியிருந்ததால்தான் அந்தக் கொப்பியை நம்பினேன். எழுதத் தொடங்கும் முன் "கிழமையில மூண்டு நாள் வீட்டில செய்யலாம்" என்றிருந்தார். கூட்டிப் பார்த்தபோது 'எங்கும்' என்று போட்டது கிழமைக்கு ஆறரை மணித்தியாலம் வந்தது. அதாவது ஒரு நாள். அந்த ஒரு நாளைத்தான் கேட்டார், கிடைத்தது.

விரிவுரையாளர்களுக்கு 'எங்கும்' குவியல் பெரிது. பாடக் குறிப்பு தயாரித்தல், ஆய்வுக் கட்டுரை, இறுதி வருட மாணவரின் அறிக்கை வாசித்தல் எல்லாம் அதில் வரும். ஆனால் விடைத்தாள் திருத்துவது வீட்டில் செய்யக்கூடியது போலத் தெரிந்தாலும் அதை 'ஆள்' குவியலில் போடுங்கள். விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நித்திரை கொள்பவரைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும்.

ஆய்வுகூட உதவியாளர், சாரதி, காவலாளி, நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குபவர் ஆகியோருக்கு 'எங்கும்' என்று ஒன்றுமே வராது. அவர்களுக்கு அடுத்த படிதான் பயன்படும்.

மூன்றாம் படி: வீட்டு நாளுக்கு முன் நேரத்தை நகர்த்திப் பாருங்கள்

புதியவர்கள் வீட்டு நாளையே நினைத்துக்கொண்டிருப்பதால் இந்த வழி கண்ணில் படுவதில்லை. பலருடைய தொல்லை முழு நாளில் இல்லை, இருபது நிமிடத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அறிவியல் நகருக்கு ஏ9 வீதியில் போகவர ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். பஸ் எட்டு ஐம்பதுக்கு இறக்கிவிட்டால் நாள்தோறும் பிந்தல்தான். அப்படியானவர் ஒன்பது மணிக்குத் தொடங்கி நாலே முக்காலுக்கு முடிக்க அனுமதி கேட்டால், மொத்த நேரம் குறையவில்லை, யாருக்கும் வேலை கூடவில்லை. தலைவர் ஆமென்பது சுலபம். எதிர்ப்பக்கமும் உண்டு. செட்டிகுளம், நெடுங்கேணிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் கால போக மாதங்களில் இருட்டுக்கு முன் வீடு சேரவேண்டும். அந்த வீதிகளில் பொழுதுபட்டால் யானைக்குத்தான் முன்னுரிமை. ஏழே முக்காலுக்கு வந்து மூன்றரைக்குப் போக அனுமதி கேட்கலாம். வாசல் திறக்கும் நேரத்தைக் காவலாளி அண்ணையிடம் முதலில் விசாரியுங்கள். ஏழே முக்காலுக்கு வந்து எட்டரை வரை மரத்தடியில் குந்தியிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

எந்த நேரத்தை நகர்த்தினாலும் பத்து மணி முதல் இரண்டரை மணி வரை எல்லோரும் இருக்கும் பொது நேரமாக விடுங்கள். கூட்டம், கையொப்பம், மாணவர் எல்லாம் அதற்குள் முடியும்.

அறிவியல் நகர்க்காரருக்கு இன்னொரு வழி இருக்கிறது. வீட்டிலிருந்து செய்கிறேன் என்பதற்குப் பதிலாக, கிழமையில் ஒரு நாள் திருநெல்வேலிப் பிரதான வளாகத்திலிருந்து செய்கிறேன் என்று கேளுங்கள். அங்கே நூலகம் இருக்கிறது, இணையம் இருக்கிறது, பதிவாளர் அலுவலக வேலைகளை நேரில் முடித்துக்கொண்டும் வரலாம். 'வீடு' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுருங்கும் அதிகாரிகள் 'வளாகம்' என்றால் சம்மதிப்பதைக் கண்டிருக்கிறேன்.

நாலாம் படி: வாயால் கேளுங்கள், பிறகு கடிதம்

வட்ஸ்அப்பில் கேட்கவேண்டாம். தலைவர் ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து, கொப்பியோடு போய் ஐந்து நிமிடம் கதையுங்கள். தகுதிகாண் காலத்தின் முதல் ஆறு மாதத்தில் கேட்காமல் விடுவது நல்லது. சட்டம் தடுக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. உங்களை இன்னும் யாருக்கும் தெரியாது, அதற்காகத்தான்.

எந்த நாளைக் கேட்பது? வெள்ளி கேட்டால் நீண்ட வார இறுதிக்கு அடிபோடுகிறீர்கள் என்று அர்த்தம். நீங்கள் அப்படி நினைக்காவிட்டாலும் பக்கத்து மேசை நினைக்கும். திங்கள், ஊருக்குப் போய்வந்த மாணவர் பிரச்சினையோடு வரும் நாள். புதன் நல்லது, வியாழனும் பரவாயில்லை. போயா விடுமுறை அந்தக் கிழமையில் வந்தால் வீட்டு நாளை நீங்களாகவே விட்டுக்கொடுங்கள். அப்படி ஒரு தடவை விட்டுக்கொடுத்தது நாலு மாதத்துக்குப் பேசப்படும்.

தலைவர் தலையாட்டிய பிறகு கடிதம். கோப்பு ஆங்கிலத்தில் நடக்கும் இடமென்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பம்பைமடுவில் உங்கள் கடிதத்தை வாசிப்பவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். உள்ளடக்கம் இந்த அளவுக்குப் போதும்:

"உதவிப் பதிவாளர் அவர்களுக்கு,
துறைத் தலைவர் ஊடாக.

புதன்கிழமைகளில் வீட்டிலிருந்து கடமையாற்றப் பரீட்சார்த்த அனுமதி கோரல்

மேற்படி விடயமாக, இணைக்கப்பட்ட கடமைப் பட்டியலில் 2, 5, 6, 9 ஆம் இலக்கக் கடமைகளை எட்டுக் கிழமைகளுக்குப் புதன்கிழமைகளில் வீட்டிலிருந்து நிறைவேற்ற அனுமதி கோருகிறேன். அந்நாட்களில் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் கிடைப்பேன். மாணவர் தொடர்பான நேரடிக் கடமைகளைப் பார்த்துக்கொள்ளச் சக உத்தியோகத்தர் இணங்கியுள்ளார். அவருக்காக வியாழன் காலைக் கருமபீடக் கடமையை நான் ஏற்பேன். பரீட்சைக் காலத்திலும் அழைக்கப்படும் வேளையிலும் சமுகமளிப்பேன். எட்டுக் கிழமை முடிவில் அறிக்கை சமர்ப்பிப்பேன்."

இதில் கவனிக்கவேண்டியது இரண்டு இடம். 'பரீட்சார்த்த' என்ற சொல் அதிகாரிக்குப் பின்வாங்க ஒரு வாசல் விடுகிறது. வாசல் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். மற்றது, சக ஊழியரோடு செய்த பண்டமாற்று. அவர் புதன் உங்கள் மாணவரைப் பார்க்கிறார், நீங்கள் வியாழன் அவருடைய கருமபீடத்தில் நிற்கிறீர்கள். இதை எழுதாத கடிதம் மூன்று மாதத்தில் சண்டையில் முடியும். ஏனென்றால் உங்கள் வீட்டு நாளின் செலவை யாரோ ஒருவர் கந்தோரில் கட்டுகிறார்.

மறுத்தால்? காரணத்தைப் பணிவாகக் கேளுங்கள், சிறிதாக்கிக் கேளுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு நாள், அல்லது அரை நாள். "மற்றப் பீடத்தில் குடுக்கினமே" என்று மட்டும் சொல்லவேண்டாம். உங்களுக்கும் கிடைக்காது, அங்கே இருப்பவருக்கும் இல்லாமற்போகும். நவம்பர், டிசெம்பரில் கேட்காதீர்கள். வருட முடிவுக்குள் ஒதுக்கிய காசைச் செலவழித்துக் கணக்கு முடிக்கும் அவதி ஒருபக்கம், மழை மறுபக்கம். பரீட்சைக்கும் பட்டமளிப்புக்கும் முந்திய மாதங்களும் அப்படித்தான்.

ஐந்தாம் படி: கரண்ட், சிக்னல், இடி

அனுமதி கிடைத்த பிறகு வீட்டைப் பாருங்கள் என்று எழுதுவார்கள். நான் கேட்கும் முன்னரே பாருங்கள் என்பேன். வாடகைக்கு அறை எடுக்கும்போதே போனோடு போய், உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வீடியோ அழைப்பு எடுத்துப் பாருங்கள். ஒரு தடவை காலை பத்து மணிக்கு, ஒரு தடவை இரவு எட்டு மணிக்கு. இரவு ஊர் முழுக்கப் படம் பார்க்கும் நேரத்தில் வேகம் விழும். முற்றத்து மாமரத்தடியில் மட்டும் சிக்னல் வரும் வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. வெயிலுக்கு அந்த இடம் சுகம்தான், ஐப்பசி மழைக்கு என்ன செய்வீர்கள்? இரண்டு வேறு கம்பனியின் சிம் வைத்திருங்கள். ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும்.

கரண்ட் போனால் மடிக்கணினிக்குப் பற்றரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோதுதான் சின்ன ரவுட்டர் யுபிஎஸ் பற்றி நாங்கள் பலர் கேள்விப்பட்டோம். கையளவுப் பெட்டி, சில மணித்தியாலம் தாங்கும். வாங்கும் முன் உங்கள் ரவுட்டரின் அடப்டரைத் திருப்பி அதில் எத்தனை வோல்ற், எத்தனை அம்பியர் என்று படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பன்னிரண்டு வோல்ற் கேட்கும் ரவுட்டருக்கு ஒன்பது வோல்ற் கொடுத்து என்னவோ பழுது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. புரட்டாசி, ஐப்பசிப் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் ரவுட்டரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், கூட்டம் நடந்துகொண்டிருந்தாலும். போனில் தொடரலாம்.

டேட்டாக் கணக்கு: படத்தோடு கூடிய சூம் கூட்டம் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிகாபைட் அளவில் விழுங்கும், படம் தெளிவாக இருந்தால் அதற்கு மேலும் போகும். படத்தை நிறுத்திக் குரலோடு மட்டும் இருந்தால் 100 மெகாபைட் தாண்டாது. மாதக் கடைசியில் உங்கள் முகத்தை யாரும் பார்க்காவிட்டால் குறைவில்லை. இலவச சூம் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். பல்கலைக்கழகக் கணக்கு வேண்டுமென்று தகவல் தொழினுட்பப் பிரிவில் கேளுங்கள். கொரோனாக் காலத்திலிருந்து லேர்ன் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு ஊடாகத்தான் எங்கள் இணைய வகுப்புகள் ஓடின. எதற்கும் முதல் நாளே கோப்புகளை இறக்கிக் கணினியில் வைத்திருங்கள்.

விரிவுரையாளர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் இணையம் நன்றாக இருக்கிறது என்பது வகுப்பை இணையத்துக்கு மாற்றக் காரணமாகாது. மாணவரில் பலருக்குப் போன் மட்டும்தான், அதற்கும் டேட்டா போடக் காசு வேண்டும். வீட்டு நாளில் வகுப்பு வைக்காதீர்கள். வகுப்புகளை மற்ற நாட்களில் நெருக்கிப் போட்டுவிட்டு, வீட்டு நாளை எழுத்துக்கும் வாசிப்புக்கும் விடுங்கள்.

ஆறாம் படி: வீட்டுக்குப் போகக்கூடாதவை

வினாத்தாள், விடைத்தாள், வெளியாகாத புள்ளிகள், ஒழுக்காற்று விசாரணைக் கோப்பு, மாணவரின் மருத்துவச் சான்றிதழ், சக ஊழியரின் சுயவிவரக் கோவை. இவை கடதாசியாகவும் போகக்கூடாது, போனில் எடுத்த படமாகவும் போகக்கூடாது. பெற்றோல் வரிசையில் நான் அனுப்பிய மின்னஞ்சலில் நாற்பது மாணவரின் சுட்டிலக்கமும் புள்ளியும் இருந்தன, பக்கத்தில் நின்றவர் என் தோளுக்கு மேலால் வாசிக்கக்கூடிய தூரத்தில். அதற்கு நாலு மாதம் முன்னர்தான் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. சட்டம் வராவிட்டாலும் அது பிழைதான்.

கொமினிகேஷன் கடையை மறக்கவேண்டாம். வீட்டில் பிரிண்டர் இல்லாததால் சந்திக் கடைக்கு வட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பிப் பிரதி எடுப்போம். அந்தக் கோப்பு கடைக்காரத் தம்பியின் கணினியில் அப்படியே கிடக்கும். ஒருமுறை ஒரு கடையில் என் கடிதத்தைத் தேடும்போது, திரையில் வேறு யாருடையவோ சம்பளச் சிட்டையும் ஒரு நேர்முகத் தேர்வுப் பட்டியலும் வரிசையாக நின்றன. பிரதி தேவைப்படும் வேலையைக் கந்தோர் நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். வீட்டுக் கணினியைத் தம்பி தங்கச்சியும் பாவிக்கிறார்கள் என்றால் உங்களுக்கென்று தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் போடுங்கள்.

ஏழாம் படி: அந்த நாளை எப்படி ஓட்டுவது

காலை எட்டரைக்கு முன் தலைவருக்கு மூன்று வரி மின்னஞ்சல்: இன்று இவை செய்யப்போகிறேன். நாலேகாலுக்கு மூன்று வரி: இவை முடிந்தன, இது முடியவில்லை, காரணம் இது. அவர் வாசிக்காமலும் விடலாம். வரவு பற்றிக் கணக்காய்வில் கேள்வி வந்தால் உங்கள் கையில் இருப்பது அதுதான். விரல் அடையாள இயந்திரத்தில் அந்த நாள் வெறுமையாகத்தான் இருக்கும். ஆகவே அனுமதிக் கடிதத்தின் பிரதி தாபனப் பிரிவுக்கும் சம்பளப் பிரிவுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று நேரில் பாருங்கள். போகாவிட்டால் மாதக் கடைசியில் லீவாகக் கழிப்பார்கள். வீட்டு நாளுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கோரவேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். வன்னியில் பகலில் வீட்டில் நிற்கும் ஆளை வேலையில்லாத ஆள் என்றுதான் நினைப்பார்கள். காஸ் வந்திருக்கிறது, கிராம சேவகர் இன்று கந்தோரில் இருக்கிறார், மாமி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அறுவடைக்கு வந்த மெசின்காரருக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும். பெண்களுக்கு இது இரட்டிப்பு. "வீட்டிலதானே நிக்கிறாய்" என்ற வசனத்தோடு கந்தோர் வேலையும் சமையலும் ஒரே நாளில் தலையில் விழும். ஒரு சகோதரி வீட்டு நாளன்றும் சேலை உடுத்துக்கொண்டுதான் மேசையில் இருப்பார். சேலையோடு நிற்கும்வரை மாமியார் கூப்பிடமாட்டாராம். சிரித்தேன், ஆனால் வேலை செய்கிறது என்கிறார். தை, மாசியில் சொந்த வயல் வெட்டு இருந்தால் அதற்கு லீவு எடுங்கள். வரம்பில் நின்று சூமில் பேசியவரின் பின்னால் வெட்டு மெசின் போன சத்தத்தைத் துறை முழுக்கக் கேட்டது.

எட்டாம் படி: எட்டுக் கிழமை முடிவில்

ஒரு பக்கம் போதும். எத்தனை வேலை முடிந்தது, எத்தனை பிந்தியது, எத்தனை தடவை அழைத்துக் கந்தோருக்கு வரவேண்டியிருந்தது, சக ஊழியர் என்ன சொல்கிறார். பிந்தியதை மறைக்காதீர்கள், அவர்களுக்கு அது முன்னரே தெரியும். நீடிப்புக் கேட்டால் மறுபடியும் ஒரு காலத்துக்குக் கேளுங்கள், ஒரு அரையாண்டு என்று. நிரந்தரமாக வேண்டும் என்றால் பேரவை வரை போகவேண்டிவரும்.

கடைசியாகச் சாவி. இது நான் பிழைவிட்ட இடம். முதல் முதல் எனக்கு வீட்டு நாள் கிடைத்த மாதம், ஒரு புதன்கிழமை, ஹற்றன் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் இரவு பஸ் ஏறி வந்திருந்தார். வெளிநாட்டு வேலை ஒன்றுக்கு அன்றைக்கே அவருடைய மூலச் சான்றிதழ் தேவை. அவர் வருவதாக முதல் நாளே எழுதியிருந்தார். நான் வாசித்து, "ஓம் வாங்கோ" என்று பதிலும் போட்டிருந்தேன், மறுநாள் புதன் என்ற நினைப்பே இல்லாமல். சான்றிதழ் இரும்பு அலுமாரிக்குள். அலுமாரிச் சாவி என் பைக்குள், பை நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால். அலுவலக உதவியாளர் அண்ணை அழைத்தபோது நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சேர ஒன்றேகால் மணித்தியாலம். அந்தப் பிள்ளை வாங்கில் இருந்தபடியே நித்திரையாகியிருந்தார். அண்ணை தன் சாப்பாட்டுப் பொதியில் பாதியை அவருக்குக் கொடுத்திருந்தார்.

ஆகவே வீட்டு நாளுக்கு முதல் நாள் பின்னேரம் செய்யவேண்டியவை: கதவில் உங்கள் தொலைபேசி இலக்கமும், மாற்றாக யாரைப் பார்க்கவேண்டும் என்பதும் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். வருகிறேன் என்று எழுதியவர்களின் திகதிகளை ஒருமுறை பாருங்கள். அலுமாரிக்கு இரண்டாவது சாவி இருக்கிறதா என்று தலைவரிடம் கேட்டு, இருந்தால் அதைப் பொறுப்பானவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். இல்லாவிட்டால் அனுமதி பெற்று வெட்டுவியுங்கள். வவுனியா நகரில் சாவி வெட்டுகிறவர் நீங்கள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் தந்துவிடுவார்.